இலைக் கணக்கு எழுதப் பார்வை வேண்டுமா?

தேன்மலர், கோத்தகிரி:
எங்கள் தேயிலை ஃபேக்டரி ஆபீசில் விவசாயிகள் தரும் இலைக்குக் கணக்குப் பார்க்கும் தம்பிக்குப் பார்வை கிடையாது. திரையில் இருப்பதை என்விடிஏ என்கிற சாஃப்ட்வேர் வாசிக்க, ஹெட்போனில் கேட்டே வேலையை முடிப்பான். போன வாரம் அவனை டெலிபோன் எடுக்க உட்கார வைத்துவிட்டார்கள். கணக்கு லேட் ஆகிறதாம். மனசு ஆறவில்லை.

கேத்திக்காரர்:
நானும் சின்ன ஃபேக்டரி நடத்துகிறவன் அம்மா. பச்சை இலை விலை இறங்கினால் கூலி கொடுக்கவே திண்டாட்டம். இதில் தனி மெஷின், தனி சாஃப்ட்வேர் என்றால் எங்கே போவது? அப்புறம் நம்ம ஊர் சரிவு. என் ஆபீஸ் வாசலுக்கு ஏழு படி, நாலு அடி உயரம். ஒரு அடி ஏற 12 அடி என்று சாய்தளம் போட்டால் 48 அடி வரும். அதற்கு முன்னாலேயே ரோடு வந்துவிடும்.

தேன்மலர், கோத்தகிரி:
சாய்தளக் கணக்கு சரிதான் அண்ணா. சக்கர நாற்காலியில் வருகிறவருக்குக் கீழ்த்தளத்தில் மேஜை போடலாம், அது தனிப் பேச்சு. இவன் படி ஏறித்தான் வருகிறான். என்விடிஏ இலவசம், ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற ஒருவர் 2006இல் தொடங்கியது.

அவன் எங்கே மாட்டுகிறான் தெரியுமா? எடைச் சீட்டை ஸ்கேன் செய்து படமாக அனுப்புகிறார்கள். படத்தில் இருக்கும் எழுத்தை அது நேராக வாசிக்காது. விவசாயிகள் பட்டியலோ பழைய வானவில் எழுத்துருவில் இருக்கிறது. நம் கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு வெறும் ஆங்கிலக் குறிகள். நானே ஹெட்போன் மாட்டிக் கேட்டேன். ஒரு பெயர்கூடப் பெயராக வரவில்லை, ஏதோ உளறியது. எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துக்கு மாற்றிய பத்து வரியைப் போட்டோம், ஊரும் பெயரும் தெளிவாக வந்தது.

ஊட்டி வாசகர்:
2016 மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி தனியார் நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கை வைக்க வேண்டும். என்னென்ன வசதி தருகிறோம் என்றும் அதில் எழுத வேண்டும்.

கேத்திக்காரர்:
சட்டம் சொல்லிவிட்டுப் போகும். பட்டியலை மாற்ற ஆள் வேண்டாமா? என்னிடம் இருப்பது ஒரே கிளார்க். ஒரு எண் பிசகினாலும் விவசாயி வாசலில் வந்து நிற்பார்.

தேன்மலர், கோத்தகிரி:
அந்தப் பயம் நியாயம். எழுத்துரு மாற்றி இலவசமாகவே கிடைக்கிறது, சரிபார்ப்பதுதான் வேலை. இரண்டு சாயங்காலம் அவன் கேட்டுச் சொல்ல, நான் பழைய பட்டியலோடு ஒத்துப்பார்க்கிறேன். எடையைப் படமாக அனுப்பாமல் எக்செலில் அடித்து அனுப்பச் சொல்கிறேன். திங்கட்கிழமை மேனேஜரிடம் போய், ஒரு வாரம் இவனை இலைக் கணக்கில் விடுங்கள் என்று கேட்கப்போகிறேன்.

கேத்திக்காரர்:
கேளுங்கள். பிழை எத்தனை வந்தது என்று இங்கேயே எழுதுங்கள், அதைப் பார்த்துத்தான் என் ஆபீசுக்கு யோசிப்பேன்.