கோயில் வளவில் மரக்கறித் தோட்டம்: தொண்டர்களை ஒழுங்குபடுத்துவது எப்படி?

கேள்வி (பங்கு இளையோர் மன்றச் செயலாளர்)

வணக்கம். யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் உள்ள எமது பங்குக் கோயிலின் பின்வளவில், நெடுநாளாகப் பற்றை மண்டிக் கிடக்கும் இரண்டு பரப்பு (ஏறத்தாழ ஓர் ஏக்கரின் எட்டில் ஒரு பங்கு) செம்மண் காணியில் மரக்கறித் தோட்டம் அமைக்கப் பங்குத்தந்தை அனுமதி அளித்துள்ளார். ஞாயிறு திருப்பலி முடிவில் அறிவித்தபோது நாற்பது பேரளவில் பெயர் கொடுத்தார்கள். ஐப்பசியில் மழை தொடங்கியதும் ஒரே நாளில் சிரமதானமாக, அதாவது எல்லோரும் கூடிக் கூலியின்றிச் செய்யும் வேலையாக, கத்தரி, மிளகாய், தக்காளி, வெண்டி, பயிற்றை எல்லாவற்றையும் நட்டுவிட்டு, விளைச்சலை வசதி குறைந்த குடும்பங்களுக்குக் கொடுக்க எண்ணியுள்ளோம். இத்தனை பேருக்கும் வேலையை எவ்வாறு பங்கிடுவது?

பதில் 1 (கோப்பாய்த் தோட்டக்காரர்)

தம்பி, நாற்பது பேரும் தேவைப்படுவது பற்றை வெட்டுவதற்கும் பசுந்தழையை உரமாக மண்ணில் புதைத்துக் குழை தாழ்ப்பதற்கும்தான். கன்று நடுவதற்குப் பத்துப் பேர் போதும். ஈரப் பாத்தியில் அதற்கு மேல் கால் பட்டால் மண் இறுகிவிடும். ஆகவே பெருஞ்சிரமதானத்தை ஆவணியிலேயே வையுங்கள். கான் வெட்டி, பூவரசங்குழை, கிளிசிறிடியா, நறுக்கிய பனையோலை ஆகியவற்றைத் தாழ்த்து மூடிவிட்டால், மழைக்கு முன்னர் குழை உக்கத் தொடங்கும். பனையோலை மெதுவாகவே உக்கும் என்பதால் அதன் பயன் அடுத்த போகத்திலும் இருக்கும். யூரியாவைக் கொட்ட வேண்டாம். எங்கள் மண்ணுக்கு அடியில் சுண்ணக்கல் இருப்பதால் மேலே போடுவது கிணற்றுக்கு இறங்குகிறது. வலிகாமத்துக் கிணறுகளில் நைத்திரேற்று கூடியிருப்பதை நீங்களும் அறிந்திருப்பீர்கள். கோயில் கிணற்றில் சனம் தண்ணீர் குடிக்கிறதல்லவா?

எல்லாவற்றையும் ஒரே நாளில் நடுவதும் சரிவராது. வெண்டியையும் பயிற்றையையும் நேரே விதைக்கலாம். மிளகாய், கத்தரி, தக்காளிக்கு நான்கு கிழமைக்கு முன்னரே நாற்றுமேடை போட வேண்டும், அதைக் காலை மாலை பார்க்க ஒருவர் வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம் நிற்கும் காணியானால் மேட்டுப்பாத்தி போடுங்கள், அல்லது மிளகாயையும் தக்காளியையும் மார்கழிக் கடைசிக்குத் தள்ளி வையுங்கள்.

பதில் 2 (அன்பியம் என்னும் அயல் வீட்டுச் செபக்குழுவின் பொறுப்பாளர்)

ஐயா சொன்னதுடன் ஒன்றைச் சேர்க்கிறேன். மழை காலத்தில் எவரும் தோட்டக்காரர்தான். தை பிறந்து வானம் வெளித்த பின்னர் யார் தண்ணீர் இறைப்பது என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். எங்கள் பங்கில் ஆளுக்கொரு நாள் என்று பட்டியல் போட்டபோது, வராதவரின் நாளுக்கு எவரும் பொறுப்பேற்கவில்லை. பின்னர் அன்பியத்துக்கு ஒரு கிழமை என்று மாற்றினோம். ஒருவர் வராவிட்டால் பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். மோட்டர் அறைத் திறப்பை அந்தக் கிழமைக்குரிய அன்பியத்தில் ஒருவரே வைத்திருப்பார். கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் கொப்பியில் எந்தப் பாத்திவரை இறைத்தார்கள், எங்கே பூச்சி கண்டார்கள் என்று எழுதிவிட்டுப் போவார்கள். நத்தார்க் கிழமையிலும் பிள்ளைகளின் பரீட்சைக் காலத்திலும் ஆள் குறையும். அந்த நாட்களுக்கு, அயலில் உள்ள சைவக் குடும்பங்களையும் கேட்டுப் பாருங்கள். மரக்கறிக்கு மதம் ஏது?

பதில் 3 (மரியாயின் சேனை உறுப்பினர்)

விளைச்சலைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. வசதி குறைந்தவர்கள் என்று பட்டியல் எழுதி, பெயர் கூப்பிட்டுக் கொடுத்தால் உண்மையில் தேவையுள்ளவர் வரமாட்டார். திருப்பலி முடிந்ததும் வாசலில் மேசை போட்டு வையுங்கள்; விரும்பியவர் எடுக்கட்டும், இயன்றவர் உண்டியலில் போடட்டும். அந்தக் காசு மின்சாரக் கட்டணத்துக்கு உதவும். நடமாட முடியாத முதியவர்களுக்கு மட்டும் நாங்கள் வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். தொண்டர்களுக்கும் ஒரு பிடி கீரையாவது கிடைக்க வேண்டும். வெறுங்கையுடன் அனுப்பப்படுபவர் மூன்றாம் கிழமை வரமாட்டார் என்பது என் எண்ணம்.

இன்னொன்று, மழை தொடங்கியதும் ஆபிரிக்க நத்தை ஒரே இரவில் நாற்றுமேடையைத் தின்றுவிடும். விடியற்காலையில் பொறுக்கி உப்புத் தண்ணீர் வாளியில் போடப் பிள்ளைகள் ஆர்வமாக வருவார்கள். ஆனால் வெறுங்கையால் தொட விடாதீர்கள்.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. சிரமதானத்தை ஆவணிக்கு மாற்றுகிறோம். தண்ணீர் முறையையும் அன்பியங்களிடமே விடுகிறோம். மேசை யோசனையைப் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கிறேன். பின்பக்க வேலி விழுந்து கிடப்பதால் கட்டாக்காலி மாடுகள் வருகின்றன. முட்கம்பிக்குப் பணம் இல்லை.

பதில் 1 (கோப்பாய்த் தோட்டக்காரர்)

கிளுவைக் கதியால் (வேலிக்கு நடும் கிளைத்தடி) நடுங்கள், தம்பி. மழை தொடங்கும்போது நட்டால் வேர் பிடித்துவிடும். அது தழைக்கும்வரை இடையில் பனைமட்டை வரிந்து கட்டுங்கள். கதியால் என் வேலியிலேயே வெட்டலாம். ஏற்றிச் செல்ல ஒரு லான்ட்மாஸ்டர் (இருசில்லு உழவு இயந்திரம்) மட்டும் பிடித்து வாருங்கள்.