எல்லாமே தேமா: ஃபோன் நம்பரை மெட்டில் உட்கார வைப்பது

விளம்பரப் பாட்டில் ஃபோன் நம்பரை மெட்டோடு சேர்ப்பதற்கு நல்ல உதாரணம் சிகாகோவின் எம்பயர் கார்ப்பெட் கம்பெனி விளம்பரம். 1977, லின் ஹால்டிரன் எழுதியது: "ஃபைவ் எயிட் எயிட், டூ த்ரீ ஹண்ட்ரட், எம்பயர்". 588-2300இன் கடைசி இரண்டு சைபரும் "ஹண்ட்ரட்"டுக்குள் போய்விட்டதால் ஏழு இலக்கம் காதுக்கு ஆறு சொல்தான். நம்பர் முடிந்த கையோடு கம்பெனிப் பெயர் வருகிறது. இரண்டையும் தள்ளித் தள்ளிப் பாடினால் நம்பர் வாயில் நிற்கும், யாருடையது என்றுதான் தெரியாது.

●

டொராண்டோவின் "பீட்சா பீட்சா" கடை விளம்பரத்திலும் இதே வித்தைதான். 967-1111இல் நாலு ஒன்றும் "இலெவன் இலெவன்" ஆகிவிடும். தமிழில் இது பலிக்காது. "பதினொண்ணு பதினொண்ணு" எட்டு சிலபிள், "ஒண்ணு" நாலு தடவை சொன்னாலும் அதே எட்டு. மிச்சம் ஒன்றுமில்லை.

●

தமிழில் வேறொரு சிக்கலும் உண்டு. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு, சைபர்... அலகிட்டுப் பாருங்கள், எல்லாமே தேமா, அதாவது நேர்-நேர் என்ற ஒரே அமைப்பு. ஒம்போது மட்டும் தேமாங்காய். எந்த நம்பரும் எந்த மெட்டிலும் உட்காரும் என்பது வசதி மாதிரித் தெரியும், கோளாறே அதுதான். "நாலு ஏழு" வாயில் "ஏழு நாலு" ஆனாலும் தாளம் இடறாது, பாடுகிறவருக்குத் தப்பு தெரியாது. ஆங்கிலத்தில் செவனும் ஜீரோவும் மட்டும் நீளம் என்பதால் அவை இடம் மாறினால் உடனே உறுத்தும்.

ஆகவே காவலுக்கு ஸ்வரத்தை வையுங்கள். குழம்பக்கூடிய ஜோடியில் ஒன்று ஏறட்டும், ஒன்று இறங்கட்டும். கடைசி இலக்கத்தை எதுகையால் பூட்டுங்கள். புடவைக் கடை நம்பர் எட்டில் முடிந்தால் அதிர்ஷ்டம்: "...எட்டு, எடுத்துப் பாரு பட்டு". ஆறில் முடிந்தால் மெஸ்காரருக்குச் "சோறு" இருக்கிறது.

●

பத்து இலக்க மொபைலுக்கு 5-5 வேண்டாம், மூச்சு முட்டும். 4-3-3 என்று பிரித்து, மூன்று இலக்கத் துண்டுகளின் கடைசியில் ஓர் எண்ணிக்கை சும்மா விடுங்கள். பன்னிரண்டு எண்ணிக்கை. பெயருக்கு நாலு. மொத்தம் பதினாறு, ஆதி தாளத்தில் இரண்டு ஆவர்த்தனம் (சுற்று). நிமிடத்துக்கு 120 வேகத்தில் 8 விநாடி. 20 விநாடி ஸ்பாட்டில் இரண்டு தடவை பாடலாம், சரக்கைப் பற்றிப் பேச 4 விநாடிதான் மிஞ்சும். பரவாயில்லை. ஒரே தடவை பாடுவதற்குப் பதில் பேசிவிடலாம்: மெட்டும் நினைவும் பற்றிய வாண்டா வாலஸின் 1994 ஆய்விலும் மெட்டு திரும்பத் திரும்ப வந்தபோதுதான் வரிகள் நினைவில் நின்றன.

●

நம்பர் மாறினால்? முன்னால் ஓர் இலக்கம் கூடினால் சமாளிக்கலாம். 2002இல் சிங்கப்பூர் லேண்ட்லைன்களுக்கு முன்னால் 6 சேர்ந்த மாதிரி என்றால், அதை மெட்டு தொடங்குமுன் வரும் எடுப்பாக வைத்துப் பழைய மெட்டைத் தொடரலாம். நடுவில் மாறினால் மெட்டையே தூக்கிப் போடுங்கள். பழைய மெட்டில் புது நம்பர் பாடினால், நாலாவது இலக்கம் வரும்போது வாய் பழைய நம்பருக்கே போய்விடும்.