பழைய ராப் இசைத்தட்டு வைத்திருப்போர் உதவ வேண்டும்

நண்பர்களே, கவனிக்கப்படாமல் போன தொடக்ககால நியூயார்க் ராப் பாடல்களைத் தொகுக்கிறோம். சுகர்ஹில் கேங்கின் புகழ்பெற்ற ராப் பாட்டான 'ரேப்பர்ஸ் டிலைட்'டுக்கு முன்பே 1979-இல் வந்த ஃபேட்பேக் பேண்டின் 'கிங் டிம் III', ஒரு டிஸ்கோ பாட்டின் பின்பக்கத்தில் ஒளிந்திருந்தது. ரம்மெல்ஸீ, கே-ராப் பாடிய 'பீட் பாப்' (1983) பத்து நிமிடம் ஓடும்; ஓவியர் பாஸ்கியா வரைந்த உறை பிரபலம், பாட்டைக் கேட்டவர்கள் குறைவு. குரல் எதிரொலியில் கரைய, நடுவே வயலின் கீறிக்கொண்டு நுழையும். அபாரம்!

மூலத் தட்டு இருந்தால் முதல் 30 விநாடியை 24 பிட்டில் பதிந்து அனுப்புங்கள். உச்ச ஒலி -6 டெசிபலில் நிற்கட்டும். 0-ஐ முட்டினால் டிரம் கரகரக்கும், பிறகு சரிசெய்ய முடியாது. ஃபோனோ பிரீஆம்ப் (தட்டின் மெல்லிய ஒலிச் சிக்னலைப் பெருக்கும் கருவி) ஆர்ஐஏஏ திருத்தத்தை, அதாவது தட்டில் வெட்டும்போது மாற்றிய ஒலிச் சமநிலையை மீட்பதை, தானே செய்துவிடும்; அதன் வழியாகப் பதிந்தால் மென்பொருளில் அது மறுபடி வேண்டாம், பாஸ் (தாழ்ந்த ஒலி) வீங்கிவிடும். லேபிளை ஒட்டிய வெற்று வளையத்தில் பொறித்த எண்ணையும் சாய்வெளிச்சத்தில் படமெடுங்கள். மறுபதிப்பைப் பிரித்தறிய அது தேவை.

இதே காலத்துப் பின்பக்கப் பாடல்கள் வேறு தெரிந்தால் லேபிள், ஆண்டோடு சொல்லுங்கள்.