புத்தகம் திறந்திருந்தால் புரிகிறது, மூடினால் வருவதில்லை: தேர்வுக்கும் அதற்கு அப்பாலும் எப்படி ஆயத்தமாவது?

கேள்வி: நீலமை

வணக்கம். போட்டித் தேர்வு ஒன்றுக்கு இன்னும் மூன்று மாதங்கள் இருக்கின்றன. பாடத்திட்டத்தை ஒரு முறை முழுவதும் முடித்து, முக்கியமான வரிகளுக்கு வண்ணக் கோடிட்டு, இப்போது இரண்டாம் சுற்று வாசிப்பில் இருக்கிறேன். பக்கத்தைப் புரட்டும்போது எல்லாம் தெரிந்ததாகவே படுகிறது. மாதிரித் தேர்வில் உட்கார்ந்தாலோ பாதி விடைகள் தொண்டைவரை வந்து நின்றுவிடுகின்றன. இன்னும் ஒரு சுற்று வாசித்தால் சரியாகிவிடுமா, அல்லது முறையையே மாற்ற வேண்டுமா?

இன்னொரு ஐயமும் உண்டு. எழுதுவோர் பலர், தேறுவோர் சிலர். தேறாமல் போனால் இந்த உழைப்பு முழுவதும் வீண்தானா? வேறு வாய்ப்புகளுக்கும் கைகொடுக்கும்படி படிப்பை இப்போதே அமைத்துக்கொள்ள வழி இருக்கிறதா? ஊக்கமூட்டும் சொற்கள் நிறையக் கேட்டாயிற்று; செய்முறையாக யாரேனும் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி: கரும்பலகை

முறையை மாற்றுங்கள். கண்ணெதிரே இருப்பதை அடையாளம் காண்பதற்குத்தான் இதுவரை பயிற்சி எடுத்திருக்கிறீர்கள். தேர்வோ எதிரில் ஒன்றும் இல்லாதபோது உள்ளிருந்து வரவழைக்கச் சொல்கிறது. இரண்டும் ஒன்றுபோலத் தோன்றுவதால்தான் மூன்றாம் சுற்று, நான்காம் சுற்று என்று பலரும் வாசித்துக்கொண்டே போகிறார்கள்.

2006இல் ரோடிகர், கார்பிக்கி என்னும் அமெரிக்க உளவியலாளர்கள் இருவர் கல்லூரி மாணவர்களிடம் ஓர் ஆய்வு நடத்தினார்கள். சிறிய உரைப்பகுதி ஒன்றைச் சிலர் இரு முறை வாசித்தார்கள். மற்றவர்கள் ஒரு முறை வாசித்துவிட்டு, பார்க்காமல் எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, இரு முறை வாசித்தவர்கள் 81 விழுக்காடும் மற்றவர்கள் 75 விழுக்காடும் நினைவுகூர்ந்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதிக்கப்பட்டவர்களிடம் நிலைமை தலைகீழானது: மறுவாசிப்புக்கு 42, எழுதிப் பார்த்ததற்கு 56. அன்றிரவே கிடைக்கும் திருப்தி எவ்வளவு ஏமாற்றக்கூடியது என்பதை இந்த எண்களைவிடத் தெளிவாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

செய்ய வேண்டியது இதுதான். ஒரு பாடப்பகுதியை வாசித்து முடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, வெள்ளைத்தாளில் தலைப்பை மட்டும் எழுதி, நினைவுக்கு வருவதையெல்லாம் எழுதுங்கள். நான்கைந்து வரிகளுக்குப் பிறகு பேனா நின்றுவிடும். உடனே புத்தகத்தைத் திறக்கக் கை துறுதுறுக்கும். அந்த இடத்தில் இன்னும் இரண்டு நிமிடம் பொறுத்திருந்து முயலுங்கள், ஏனென்றால் பயிற்சி நடப்பதே அந்தத் தவிப்பில்தான். பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனவற்றை வேறு மையால் அதே தாளில் சேர்த்துவிட்டால், அடுத்த முறை எங்கே கவனம் தேவை என்பதை அந்த மையின் நிறமே காட்டிவிடும்.

இடைவெளியும் முக்கியம். படித்தது முதல் சில மணி நேரத்தில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் மறந்துபோகிறது என்பதை எபிங்காஸ் என்ற ஜெர்மானியர் தம்மையே சோதனைப் பொருளாக்கி 1885இல் எழுதி வெளியிட்டார். ஆகவே ஒரே நாளில் மூன்று முறை எழுதிப் பார்ப்பதைவிட, மறுநாள் ஒரு முறை, சில நாள் விட்டு ஒரு முறை, இரண்டு வாரம் கழித்து ஒரு முறை என்று பிரித்துக்கொள்வது நல்லது.

மறுமொழி: நீலமை

நன்றி ஐயா. நேற்று ஓர் இயலுக்கு இப்படிச் செய்து பார்த்தேன். வாசிப்பதற்கு ஆனதைப்போல இரு மடங்கு நேரம் ஆயிற்று. இந்த வேகத்தில் போனால் பாடத்திட்டம் முடியாதே என்று கவலையாக இருக்கிறது.

மறுமொழி: விடைத்தாள்

எல்லா இயல்களையும் அப்படிச் செய்ய வேண்டியதில்லை. முந்தைய ஆண்டு வினாத்தாள்களை எடுத்து, எந்த இயலிலிருந்து எவ்வளவு கேட்கிறார்கள் என்று பார்த்துவிட்டு, அடிக்கடி கேட்கப்படுபவற்றுக்கு மட்டும் இந்த உழைப்பைக் கொடுங்கள்.

கணக்குக்கு வேறொரு எச்சரிக்கை. ஒரு பொருளின் விலையை 20 விழுக்காடு ஏற்றிப் பிறகு 20 விழுக்காடு குறைத்தால் பழைய விலையே வந்துவிடும் என்று அவசரத்தில் குறித்துவிடுவோர் ஏராளம். 100 என்பது 120 ஆகி 96இல் நிற்கும் என்பது அவர்களுக்குத் தெரியாததன்று. விழுக்காடு இயலின் கீழ் அதே கணக்கைக் கொடுத்தால் சரியாகவே போடுவார்கள். தலைப்பு எழுதப்படாத தாளில் இது எவ்வகைக் கணக்கு என்று கண்டுகொள்ளும் பழக்கம்தான் இல்லை. எனவே இயல் வாரியாகப் போட்டு முடித்தபின் பல இயல்களின் கணக்குகளைக் கலந்து போட்டுப் பழகுங்கள்.

மாதிரித் தேர்வில் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டுத் தாளை மூடிவைப்பவர்களுக்கு அந்தத் தேர்வால் பெரும் பயன் இல்லை. தவறிய ஒவ்வொரு வினாவின் அருகிலும் காரணத்தை எழுதுங்கள்: பாடம் தெரியவில்லை, தெரிந்தும் நினைவுக்கு வரவில்லை, அல்லது ‘தவறானது எது’ என்பதைச் ‘சரியானது எது’ என்று வாசித்துவிட்டேன். மூன்றாவது வகையை எந்தப் புத்தகமும் தீர்க்காது. வினாவில் ‘தவறானது’, ‘சரியானது’ போன்ற சொல்லுக்கு அடிக்கோடிடும் பழக்கம் தீர்க்கும்.

மதிப்பெண் குறைப்பு இருந்தால் கணக்கறிந்து துணியுங்கள். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர வேண்டும், தவறுக்கு மூன்றில் ஒரு பங்கு குறைப்பார்கள் என்றால், கண்ணை மூடிக்கொண்டு குறிப்பதால் சராசரியாக லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. ஒன்றை உறுதியாக நீக்க முடிந்தால் சராசரி ஒன்பதில் ஒரு பங்கு மதிப்பெண் உங்கள் பக்கம் சாயும். இரண்டை நீக்கினால் மூன்றில் ஒரு பங்கு.

மறுமொழி: தொலைநோக்கி

இரண்டாவது கேள்வியை யாரும் தொடாததால் எழுதுகிறேன். ஆயத்தமான மனத்துக்கே தற்செயல் துணைநிற்கும் என்ற கருத்தை 1854இல் பிரான்சின் டூவே நகரில் ஆற்றிய உரையில் நுண்ணுயிர் ஆய்வாளர் லூயி பாஸ்டர் சொன்னார். அதை வாழ்த்து அட்டை வாசகமாக்கிவிட்டோம் என்பது என் வருத்தம், ஏனென்றால் எதற்கு ஆயத்தம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

1928இல் பிளெமிங் என்னும் பாக்டீரியா ஆய்வாளரின் ஆய்வுத்தட்டில் பூஞ்சை விழுந்து, அதைச் சுற்றியிருந்த பாக்டீரியாக்கள் அழிந்திருந்ததைப் பெரும்பாலும் அதிர்ஷ்டக் கதையாகவே சொல்கிறார்கள். பூஞ்சை படிந்த தட்டு எந்த ஆய்வகத்திலும் கழுவி வைக்கப்படுவதுதான். ஆனால் பாக்டீரியாவைக் கரைக்கும் லைசோசைம் என்னும் பொருளைச் சில ஆண்டுகளுக்கு முன்பே கண்டறிந்திருந்தவர் அவர்; பாக்டீரியா அழிந்த தெளிந்த வளையம் ஒன்றைக் கண்டால் நின்று பார்க்கும் கண் அவருக்கு அதனால் வாய்த்திருந்தது. அதே வேளையில், அந்தப் பூஞ்சை சுரந்த பெனிசிலினைப் பிரித்துத் தூய்மையாக்கும் வேதியியல் வசதி அவரிடம் போதுமானதாக இல்லை. அதை மருந்தாக்கியவர்கள் ஆக்ஸ்ஃபோர்டில் புளோரி, செயின் ஆகியோரின் குழுவினர். 1945இல் நோபல் பரிசை மூவரும் பகிர்ந்துகொண்டார்கள். வாய்ப்பைக் காண ஒரு தகுதியும் அதைக் கைப்பற்ற இன்னொரு தகுதியும் வேண்டியிருக்கிறது.

உங்கள் படிப்பிலும் அப்படியே பிரித்துப் பாருங்கள். ஆண்டுகளும் அட்டவணைகளும் தேர்வு முடிந்ததும் உதிரக்கூடும். ஒரு புள்ளிவிவரப் பட்டியலைப் பார்த்து முடிவு சொல்வது, நீண்ட பத்தியை நான்கு வரியில் சுருக்குவது, குறித்த நேரத்துக்குள் எழுதி முடிப்பது ஆகியவை எந்த வேலைக்கும் நேர்காணலுக்கும் கூடவே வரும். நினைவிலிருந்து எழுதிய பகுதியை வாரம் ஒரு முறை பாடம் தெரியாத ஒருவருக்கு வாய்விட்டு விளக்குங்கள். எடுத்துச்சொல்லும் திறனும் அதே நேரத்திலேயே வளரும்.

மறுமொழி: கரும்பலகை

இத்துடன் ஒரு சிறு வேலையையும் சேர்க்கிறேன். வாய்ப்புகள் பெரும்பாலும் குறுகிய கெடுவோடு வருகின்றன. தன்விவரக் குறிப்பைப் புதுப்பித்தும், சான்றிதழ்களை ஸ்கேன் செய்து ஒரே கோப்புறையில் தெளிவான பெயரோடும் வைத்திருங்கள். எல்லா ஆவணங்களிலும் பெயரின் எழுத்துகள் ஒத்திருக்கின்றனவா என்று இன்றே பாருங்கள். திருத்தம் கோரினால் வாரக்கணக்கில் இழுக்கும், கடைசித் தேதிக்கு முந்தைய நாள் அது தெரியவந்தால் செய்வதற்கு ஒன்றும் இருக்காது. பரிந்துரைக் கடிதம் தரக்கூடிய ஆசிரியர் இருவரிடம் தேவை வரும்போது கேட்கலாமா என்று இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.