1031 எக்ஸ்சேஞ்ச்: 45 நாள் கெடு முடிய இன்னும் 6 நாள்தான், உதவி தேவை

வணக்கம். வாடகைச் சொத்தை விற்ற பணத்தில் வேறு முதலீட்டுச் சொத்து வாங்கி, லாப வரியைத் தள்ளிப்போடும் அமெரிக்க ஏற்பாடுதான் 1031 எக்ஸ்சேஞ்ச்; அதில்தான் இறங்கியிருக்கிறோம். டெக்சஸ், ப்ளேனோவில் 2011-ல் 1,80,000 டாலருக்கு வாங்கி வாடகைக்கு விட்டிருந்த வீட்டை 4,20,000-க்கு விற்றோம். செப்டம்பர் 9 க்ளோசிங் (விற்பனை முடிந்த நாள்). செலவும் 1,40,000 லோனும் போக மீதி 2,55,000, எக்ஸ்சேஞ்ச் பணத்தை வைத்திருக்கும் இடைத்தரகர் கணக்கில் இருக்கிறது. நாங்கள் தொட முடியாது. மாற்றுச் சொத்தை எழுத்தில் குறிப்பிட அக்டோபர் 24 கடைசி. வாங்கி முடிக்க மார்ச் 8, அதாவது 180-வது நாள்.

ஃப்ரிஸ்கோவில் ஒரு வீடு ஒப்பந்தம் வரை வந்தது. இன்ஸ்பெக்‌ஷனில் கராஜ் மூலைச் சுவரில் காசு நுழையும் அளவுக்கு விரிசல், படுக்கையறைக் கதவு சட்டத்தில் இடித்து மூடவே இல்லை. அஸ்திவாரம் போய்விட்டது என்றார்கள், விட்டுவிட்டோம். மெக்கின்னியில் பார்த்த டூப்ளெக்ஸை (இரு குடும்பங்களுக்கான வீடு) வேறொருவர் கூடுதல் விலைக்கு வாங்கிவிட்டார். கோயம்புத்தூரில் ஃபிளாட் வாங்கலாமே என்கிறார் மச்சான்; அமெரிக்கச் சொத்துக்கு வெளிநாட்டுச் சொத்து ஈடாகாது. எக்ஸ்சேஞ்ச் நடக்காவிட்டால், இத்தனை வருஷம் வரிக் கணக்கில் கழித்த தேய்மானத்துக்கும் சேர்த்து வரி கட்ட வேண்டி வருமே என்பதுதான் பெரிய கவலை.

இப்போது குறிப்பிடப் பார்த்து வைத்திருப்பது ஒரே ஒரு வீடு, அதுவும் உறுதியில்லை. மூன்று சொத்து வரை குறிப்பிடலாம் என்பதால், பாதுகாப்புக்கு ஒரு டெலாவேர் ஸ்டாட்யூட்டரி டிரஸ்ட் (பல முதலீட்டாளர்கள் சேர்ந்து சொத்தில் பங்கு வைத்திருக்கும் டிரஸ்ட்) பங்கையும் சேர்க்கச் சொல்கிறார் எங்கள் கணக்காளர் (சி.பி.ஏ). அதில் ஏற்கெனவே உள்ள கடன் எங்கள் பழைய லோனுக்கு ஈடாகுமாம். ஆனால் போட்ட பணத்தைப் பல வருஷம் எடுக்க முடியாது.

1031-ல் இந்த டிரஸ்ட் பங்கை வாங்கியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? கையெழுத்திட்டதிலிருந்து க்ளோசிங் முடிய எத்தனை நாள் ஆனது?