விடியக்காலைல அடிச்ச சுமாத்ரா காத்து: பழைய பாய்மர போட் வச்சிருக்கவங்க எல்லாரும் ஓகேவா?

மில்_ஃபிட்டர், ஆயர் தாவார்

எல்லாருக்கும் வணக்கம். நேத்து விடியக்காலைல அடிச்ச காத்துல எங்க பக்கம் செம்பனை மட்டையெல்லாம் ரோட்டுல கெடக்கு, பழைய லயத்துல தகரம் பறந்துருச்சு, கரண்ட் இல்ல. லுமுட், பங்கோர், கிள்ளான், பினாங்கு பக்கம் போட் கட்டி வச்சிருக்கவங்க யாருக்கும் ஒன்னும் ஆவலயே? ஒரு வரி போட்டு விடுங்க லா.

நம்ம கதைக்கு வரேன். நானும் மச்சானும் சேந்து வாங்குன 32 அடி ஃபைபர் போட், எழுபதுகள்ல இங்கிலாந்துல செஞ்சது, உலகம் சுத்தி வந்த ஒரு வெள்ளக்கார தம்பதி வயசாயிடுச்சுனு இங்கயே வித்துட்டு போனது. டிண்டிங் ஆத்துல மூரிங்ல, அதாவது தண்ணிக்கு நடுவுல கயித்துல கட்டிக் கெடக்கு. மில்லுல ஷிஃப்ட் முடிஞ்சுதான் போக முடிஞ்சுது. போட் மெதக்குது, மேஸ்ட் (பாய்மரக் கம்பம்) நிக்குது, அதுவே பெரிய நிம்மதி. ஆனா முன் பாய் சுருட்டி வச்சது பாதி அவுந்து ஓரம் கிழிஞ்சு தொங்குது, போட்டோட அடிவயிறு பில்ஜ்ல வழக்கத்த விட நெறைய தண்ணி, வலது பக்கம் மேஸ்ட் கம்பி டெக்குல எறங்குற எடத்துல டீ கலர்ல கறை, அதுக்கு நேர் கீழ உள்ள படுக்கை நனஞ்சிருக்கு. மூரிங் கயிறு ஒன்னு முன்பக்கம் ஒரசி பிசுறு பிசுறா கெடக்கு.

எத மொதல்ல பாக்குறது? அடுத்த வாரம் பங்கோர் போலாம்னு பசங்களுக்கு சொல்லி வச்சிருக்கேன், போலாமா? இன்னொன்னு, அடுத்த தடவ ரிபுட் (புயல் காத்து) வருதுனு தெரிஞ்சா போட்லயே போய் படுத்து காவல் காக்கலாம்ங்கறாரு மச்சான். இங்க தோட்டத்துல யார்கிட்ட கேக்குறது, போட்னாலே மீன் புடிக்கிற போட்தான் தெரியும் எல்லாருக்கும்.

லுமுட்_மாமா

தம்பி, நான் நேவில எலெக்ட்ரிக்கல்ல இருந்து பென்சன் வாங்குனவன். என் போட் ஓகே, மேல இருந்த காத்து அளக்குற மீட்டர் மட்டும் காணோம், அது பங்கோர்ல எந்த ரெஸ்டாரண்ட் கூரைல கெடக்கோ.

பில்ஜ் தண்ணிய எறச்சு வெளிய ஊத்துறதுக்கு முன்னாடி ஒரு விரல்ல தொட்டு நாக்குல வைங்க. சிரிக்காதீங்க. டீசல் வாடை அடிச்சா வேணாம், மத்தபடி இத விட வேகமான டெஸ்ட் கெடையாது. உப்பு இல்லனா மழத்தண்ணி, மேல எங்கயோ டெக், ஜன்னல், கம்பி எறங்குற எடம் ஒழுகுது, மெதுவா தேடலாம். உப்பு கரிச்சா கீழேர்ந்து வருது, அப்ப எல்லா வேலையும் விட்டுட்டு சீகாக் (போட் அடில இருக்கற தண்ணி வால்வு), ஹோஸ் கிளிப், ப்ரொபெல்லர் ஷாஃப்ட் வெளிய போற எடம் எல்லாம் டார்ச் அடிச்சு பாக்கணும்.

ஏன் இவ்ளோ சொல்றேன்னா பலபேர் பம்ப் இருக்குனு தைரியமா இருக்காங்க. பழைய போட்ல சாதாரணமா மாட்டியிருக்கறது மணிக்கு 500 கேலன் பம்ப், பெட்டில எழுதியிருக்கறபடியே வேல செஞ்சாலும் நிமிசத்துக்கு 30 லிட்டர் சொச்சம்தான். தண்ணி மட்டத்துக்கு ரெண்டு அடி கீழ ஒன்னர இன்ச் ஹோஸ் ஒன்னு கழண்டுச்சுனா நிமிசத்துக்கு 100 லிட்டருக்கு மேல உள்ள வரும். பம்ப் தோத்துரும், அதுக்கப்புறம் பேட்டரியும் முங்கிரும். அதனால போட்ட விட்டு வரும்போது காக்பிட் (உக்காந்து போட் ஓட்டுற பள்ளம்) வடிகால் தவிர மத்த சீகாக் எல்லாத்தையும் மூடிட்டு வாங்க, ஒவ்வொன்னு பக்கத்துலயும் அதோட சைசுக்கு ஒரு மரக்கட்ட ஆப்பு கயித்துல கட்டி வைங்க. பித்தள சீகாக் இருந்தா சொரண்டி பாருங்க, உள்ள செம்பு கலர்ல ரோஸா தெரிஞ்சா அதுல இருந்த துத்தநாகம் கரஞ்சு போச்சுனு அர்த்தம், கைல உடைக்கலாம். வெண்கலம்தான் போடணும்.

காக்பிட் வடிகால்ல எலை அடச்சிருக்கானு பாத்தீங்களா? இந்த மாதிரி மழைல அது அடச்சா காக்பிட்டே தொட்டியாயிடும், ஒரு கன மீட்டர் தண்ணினா ஒரு டன், போட்டோட பின்பக்கம் அமுங்கி அங்கேர்ந்து உள்ள போக ஆரம்பிச்சுரும்.

அப்புறம் இடி. நம்ம நாடு உலகத்துலயே இடி மின்னல் அதிகம் விழுற எடங்கள்ல ஒன்னு. உங்க மேஸ்ட்ல விழுந்துச்சானு எப்படி தெரியும்? விஎச்எஃப் ரேடியோ வேல செய்யுதா, காம்பஸ் திசை மாறியிருக்கானு கரைல தெரிஞ்ச ஒரு அடையாளத்த வச்சு சரி பாருங்க, இடி விழுந்த போட்ல காம்பஸ் பல டிகிரி தப்பா காட்டும். பக்கத்துல விழுந்திருந்தாகூட தண்ணி மட்டம் ஓரமா ஊசி ஓட்டை மாதிரி பொத்து விட்டுருக்கலாம், வெளிப்பக்கம் சம்பான்ல சுத்தி வந்து பாருங்க.

ரிக்_ராஜா, கிள்ளான்

இங்க கிள்ளான்ல பெருசா ஒன்னும் இல்ல, பக்கத்து போட் ஃபெண்டர் எல்லாம் நம்ம போட்ல வந்து சேந்துருக்கு 😂

மாமா சொன்னதெல்லாம் சரி. ஆனா அந்த டீ கலர் கறைதான் எனக்கு கவல. பங்கோர் ட்ரிப்ப இப்பவே கேன்சல் பண்ணுங்க அண்ணே.

மேஸ்ட்ட புடிச்சு நிக்கிற பக்கவாட்டு கம்பி டெக்குக்கு கீழ ஒரு ஸ்டெய்ன்லெஸ் பட்டைல போல்ட் பண்ணியிருக்கும்ல, செயின்பிளேட். அது வெளிய பளபளனு இருக்கும், உள்ளயும் பளபளனு இருக்கும், டெக் தடிப்புக்குள்ள மறஞ்சிருக்கற அந்த ஒரு இன்ச்சுலதான் செத்துப்போயிருக்கும். ஸ்டெய்ன்லெஸ் துரு புடிக்காம இருக்கறதே காத்துல இருக்கற ஆக்ஸிஜன் அது மேல ஒரு மெல்லிய படலம் போடுறதாலதான். டெக் ஓட்டைக்குள்ள உப்புத்தண்ணி தேங்கி காத்தே படாம கெடந்தா அந்த படலம் போயிரும், ஒரே கோடா உள்ளுக்குள்ள அரிச்சுட்டு போகும். போட்டுக்கு அம்பது வயசு, அந்த பட்டையும் அதே வயசா இருக்கலாம். காத்து வேகம் ரெண்டு மடங்கானா இழுவை நாலு மடங்கு, சுமாத்ரா ஸ்குவால்ல 40 நாட் (மணிக்கு 74 கிலோமீட்டர்) கூட அடிக்கும். நேத்து நின்னுச்சுனா அடுத்ததுக்கும் நிக்கும்னு எந்த கணக்கும் இல்ல, நேத்துதான் கீறல் விழுந்துருக்கலாம், சும்மா 15 நாட் காத்துல பசங்கள வச்சுக்கிட்டு போகும்போது விட்டுரும்.

நீங்க மில் ஃபிட்டர்தானே, வெல்டிங் கீறல் பாக்க தெளிப்பீங்களே செவப்பு டை, அப்புறம் வெள்ளப் பவுடர், அதேதான் இதுக்கும். ஒரு நேரத்துல ஒரே ஒரு பட்டைதான் கழட்டணும், அதுக்கு முன்னாடி பாய் ஏத்துற ஹால்யார்ட் கயித்த அந்த பக்கம் டெக் ஓரத்துல கெட்டியா இழுத்து கட்டி மேஸ்ட்ட புடிச்சு வச்சுக்கணும். எல்லாத்தையும் ஒன்னா கழட்டிறாதீங்க சாமி. கம்பிக்கும் ஒரு டெஸ்ட், பழைய காட்டன் துணிய கம்பி மேல சுத்தி கீழேர்ந்து மேல இழுங்க, ஒரு இழை அறுந்திருந்தாலும் துணில மாட்டும். கையால தடவாதீங்க, கிழிச்சுரும். கீழ் முனைதான் முதல்ல போகும், தண்ணி அந்த குழாய்க்குள்ளதான் எறங்கி நிக்கும்.

டெக்க ஸ்க்ரூட்ரைவர் கைப்பிடியால தட்டிட்டே வாங்க. நல்ல எடம் கிண்ணுனு கேக்கும், ரெண்டு ஃபைபர் தகட்டுக்கு நடுவுல வச்ச பால்சா மரம் ஊறிப்போன எடம் பழுத்த பலாப்பழத்த தட்டுன மாதிரி தொப்புனு கேக்கும். தொப்பு எங்க முடியுதோ அங்க பென்சில்ல கோடு போட்டு வைங்க, அப்பத்தான் எவ்ளோ வெட்டணும்னு தெரியும்.

சும்மா_பாக்க_வந்தேன்

இவ்ளோ செலவு பண்ணி ஓட்ட போட் வச்சிருக்கறதுக்கு அந்த காசுக்கு ஒரு நல்ல ஹோண்டா எஞ்சின் போட்டு சம்பான் வாங்கிக்கலாமே. பாயாம் கயிறாம்.

தேவி_கெரானி, பினாங்கு

ஹோண்டா எஞ்சினுக்கும் ரிபுட் தெரியாதுங்க தம்பி, நேத்து பத்து மாவுங் பக்கம் முங்குனது ரெண்டும் எஞ்சின் சம்பான்தான். நம்ம போட் நல்லா இருக்கு, 28 அடி, என்ன விட ரெண்டு வயசு பெரியவ.

நான் மச்சான் மேட்டருக்கு மட்டும் பதில் சொல்றேன். சுமாத்ரா காத்து அனேகமா ஏப்ரல்லேர்ந்து நவம்பர் வரைக்கும், ராத்திரி சுமாத்ரா பக்கமும் ஜலசந்திலயும் உருவாகி விடியறதுக்குள்ள நம்ம கரைக்கு வந்துரும். வர்ற வரைக்கும் எல ஆடாது, வந்தா ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம், முடிஞ்சுரும். அந்த நேரத்துல இருட்டுல சம்பான்ல போய் போட்ல ஏறப்பாக்கறதுதான் ஆபத்து, போட்டுக்கு வர்ற ஆபத்த விட அது பெருசு. சாயங்காலமே போய் வேலைய முடிச்சுட்டு கரைக்கு வந்துருங்க. போட் போனா போட்டும், இன்சூரன்ஸ் இருந்தா சந்தோசம் இல்லனா அழுதுக்கலாம்.

போட்ல ஏற்கனவே இருக்கும்போது மாட்டிக்கிட்டா கத வேற. 1979ல இங்கிலாந்துல நடந்த ஃபாஸ்ட்நெட் பாய்மர ரேஸ்ல 303 போட் கெளம்பி புயல்ல மாட்டுச்சு, ரேஸ் ஓடுனவங்கள்ல 15 பேர் செத்தாங்க. 24 போட்ட ஆளுங்க விட்டுட்டு எறங்குனாங்க, ஆனா முங்குனது அஞ்சுதான், மத்ததெல்லாம் அப்பறம் ஆளில்லாம மெதந்துட்டு கெடந்துச்சு. அதுலேர்ந்துதான் போட் உங்கள விட்டு கீழ போற வரைக்கும் நீங்க அத விட்டு எறங்காதீங்கனு சொல்றது. அந்த காலத்து கனமான போட்டுங்க மெதக்கறதுல கெட்டி, நம்மாளுங்க பயந்து போய் எறங்கிடறோம்.

மெட்மலேசியா (வானிலை இலாகா) எச்சரிக்கை படிக்கும்போது ஒன்னு கவனிங்க. காத்து, கடல் கொந்தளிப்புக்கு முதல் வகைனா மணிக்கு 40லேர்ந்து 50 கிலோமீட்டர், ரெண்டாவது 50லேர்ந்து 60, மூணாவது 60க்கு மேல. அதெல்லாம் பருவக்காத்து நாள் கணக்குல அடிக்கறதுக்கு. சுமாத்ராவுக்கு வர்றது இடிமழ எச்சரிக்கை, சில மணி நேரத்துக்கு முன்னாடிதான் வரும், அதனால நான் படுக்கறதுக்கு முன்னாடி ரேடார் படத்த ஒரு தடவ பாத்துருவேன், ஜலசந்தி மேல வில்லு மாதிரி வளஞ்ச செவப்பு பட்டை கெழக்க பாத்து வந்துச்சுனா அதுதான்.

எங்க அப்பா காலத்துல நமக்கெல்லாம் புயலே வராதும்பாங்க. 2001 டிசம்பர் 27 வாமேய் ஜொகூர்லயே கரைய ஏறுச்சு, 2025 நவம்பர்ல சென்யார் மலாக்கா ஜலசந்திக்குள்ளயே உருவாச்சு. கயிறு சைஸ் வாங்கும்போது அந்த பேச்செல்லாம் நம்பாதீங்க.

முன் பாய்க்கு: சுருட்டுனதோட விட்டா அவுந்துரும், காத்து ஒரு மூலைய புடிச்சா போதும். ரெண்டு வாரத்துக்கு மேல வரமாட்டேன்னா கழட்டி உள்ள போட்டுருங்க. சோம்பலா இருந்தா மிச்ச ஹால்யார்ட்ட பாய சுத்தி மேலேர்ந்து கீழ வரைக்கும் சுத்தி கட்டுங்க.

லுமுட்_மாமா

கயிறு பத்தி தேவி சொன்னதும் ஞாபகம் வந்துச்சு. மூரிங்குக்கு நைலான்தான் சரி, இழுபடும், ஆனா ஒரசுற எடத்துல பிளாஸ்டிக் குழாய் மாட்டாதீங்க. நைலான் இழுபட்டு இழுபட்டு உள்ளுக்குள்ளயே சூடாகும், குழாய் அந்த சூட்ட அடச்சு வச்சு கயிற உருக்கிரும், மழத்தண்ணியும் உள்ள படாது. பொம்பாக்காரங்க (தீயணைப்பு) கழிச்சு போடுற துணி ஹோஸ் கெடச்சா அத வெட்டி மாட்டி ரெண்டு முனையும் தச்சு விடுங்க. கயிறு ரெண்டா போடுங்க, ஒன்னு கொஞ்சம் தளர்வா, முதல் கயிறு போனா ரெண்டாவது புடிக்கணும்.

மில்_ஃபிட்டர், ஆயர் தாவார்

மாமா, அக்கா, ராஜா எல்லாருக்கும் நன்றி. தண்ணிய நாக்குல வச்சு பாத்தேன், உப்பே இல்ல, மச்சான் அத வீடியோ எடுத்து குடும்ப வாட்ஸப்ல போட்டுட்டாரு. காக்பிட் வடிகால் ஒன்னுல எலை கொஞ்சம் இருந்துச்சு. காம்பஸ் சரியா காட்டுது. இடது பக்கம் டெக் கிண்ணு, வலது பக்கம் செயின்பிளேட்ட சுத்தி ஒரு முழம் தொப்பு.

ஹால்யார்ட் கட்டிட்டு வலது பக்கம் நடு பட்டைய கழட்டுனேன். வெளிய பாத்தா புதுசு மாதிரி. டை அடிச்சு தொடச்சு வெள்ள பவுடர் போட்டதும் டெக் மட்டத்துல குறுக்க செவப்பா ஒரு கோடு, பட்டை அகலத்துல பாதிக்கு மேல. மில்லுல ஒரு ஷாஃப்ட்ல இத பாத்திருந்தா அப்பவே மெஷின நிறுத்தியிருப்போம். பங்கோர் கேன்சல். பசங்கள ஃபெர்ரில கூட்டிட்டு போறேன், மாசி மகத்துக்கு காளியம்மன் கோயிலுக்கு வேணா போட்ல போலாம்னு சமாதானம் பண்ணியிருக்கேன்.

மில்லுல 304 ஸ்டெய்ன்லெஸ் தகடு மிச்சம் இருக்கு, அதுலயே வெட்டி போடலாமா?

ரிக்_ராஜா, கிள்ளான்

304 வேணாம் அண்ணே, கடல் உப்புக்கு 316 தான், அதுல மாலிப்டினம் இருக்கு. பழைய தடிப்ப விட கொறயக்கூடாது, ஓட்டை ஓரமெல்லாம் மழுங்க தேச்சு பாலிஷ் பண்ணிடுங்க, சொரசொரப்புலதான் கீறல் ஆரம்பிக்கும். ஒன்னு இப்படினா மிச்சமும் அப்படித்தான், எல்லாத்தையும் மாத்துங்க. டெக் ஓட்டைய பெருசாக்கி ஊறுன மரத்த நோண்டி எடுத்துட்டு எப்பாக்சி ஊத்தி, காஞ்சதும் அதுக்குள்ள புது ஓட்டை போடுங்க, அப்ப தண்ணி எறங்குனாலும் மரத்துக்கு போகாது. பழைய பட்டை எத்தன மில்லிமீட்டர்?

மில்_ஃபிட்டர், ஆயர் தாவார்

6.

ரிக்_ராஜா, கிள்ளான்

என்கிட்ட 8 மில்லி 316 பட்டை நீளமா ஒன்னு மிச்சம் கெடக்கு, ஆறு பிளேட்டுக்கு வரும். டெக் ஓட்டைய எப்படியும் பெருசாக்கத்தானே போறீங்க, 8 போட்டா இன்னும் நல்லதுதான், கம்பி முனைல இருக்கற கவைக்குள்ள அந்த பட்டை நொழையுதானு மட்டும் அளந்துட்டு வாங்க. ஞாயித்துக்கெழம வந்து எடுத்துக்குங்க, காசு வேணாம், வரும்போது கம்போங் கோ சில்லி சாஸ் ரெண்டு பாட்டில் வாங்கிட்டு வாங்க.