அலைன்மென்ட் சக்ஸஸ் என்று காட்டுகிறது, ஆண்ட்ரமீடா மட்டும் சிக்கவில்லை: கோட்டூ தொலைநோக்கியில் உதவி தேவை

கேள்வி

வணக்கம். 130 மி.மீ நியூட்டோனியன் (ஆடி வகைத் தொலைநோக்கி), குவியத்தூரம் 650 மி.மீ. ஒற்றைக் கை கோட்டூ மவுண்ட் (பொருளைத் தேர்ந்தெடுத்தால் தானே அதை நோக்கித் திரும்பும் தாங்கி), ஆல்ட்-அசிமுத் வகை (மேல்கீழாகவும் பக்கவாட்டிலும் திரும்புவது). ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) 25 மி.மீ ஒன்று, 10 மி.மீ ஒன்று. மின்சாரத்துக்கு ரீசார்ஜ் செய்யும் டபுள்-ஏ பேட்டரி எட்டு.

ஜனவரி முன்னிரவில் டூ ஸ்டார் அலைன்மென்ட் (இரண்டு விண்மீன்களைக் காட்டி வானத்தின் திசைகளை மவுண்டுக்குப் புரியவைப்பது) செய்கிறேன். முதலில் திருவாதிரை (பெட்டல்ஜூஸ்), அடுத்து ரோகிணி (ஆல்டெபரான்). இரண்டையும் 25 மி.மீ ஐபீஸில் நடுவில் கொண்டுவந்து உறுதி செய்தால் "சக்ஸஸ்" என்று வருகிறது. அதன் பிறகு மூன்று தொல்லைகள்:

ஒன்று, எம்42 (ஓரியன் நெபுலா) சற்று ஓரமாக இருந்தாலும் பார்வைக்குள் வருகிறது. எம்31-க்கு (ஆண்ட்ரமீடா விண்மீன் மண்டலம்) போகச் சொன்னால் வெற்று வானம்தான். தேடிப் பார்த்ததில் சுமார் ஒன்றரை டிகிரி தள்ளி இருக்கிறது.

இரண்டு, தூரமாகத் திரும்பும்போது சில நேரம் ஹேண்ட் கன்ட்ரோலரின் வெளிச்சம் மங்கி, முதலிலிருந்து ஆரம்பிக்கிறது.

மூன்று, நடுவில் வைத்த பொருள் அரை மணி நேரத்தில் ஓரத்துக்குப் போய்விடுகிறது.

தேதி, நேரம், இடம் எல்லாம் சரிபார்த்துவிட்டேன். வேறு எங்கே பார்ப்பது?

பதில் 1

சரிபார்த்தேன் என்று சொன்னாலும் இன்னொரு முறை பாருங்கள். பல ஹேண்ட் கன்ட்ரோலர்களில் தேதிக்கு மாதம்தான் முன்னால். டேலைட் சேவிங் தேவையில்லாமல் ஆனில் இருந்தால் ஒரு மணி நேரப் பிழை, அதாவது வானத்தில் 15 டிகிரி. அட்சரேகையைப் பாகை (டிகிரி), கலை (டிகிரியில் 60-இல் ஒரு பங்கு) என்று கேட்கும் இடத்தில் தசமத்தை அப்படியே போடக் கூடாது, 0.50 டிகிரி என்பது 30 கலை, 50 அல்ல.

முக்கியமாக, டிரைபாட் மட்டமாக இருக்க வேண்டும். மவுண்டில் உள்ள சின்னக் குமிழை நம்பாமல் தனி ரசமட்டம் வைத்துப் பாருங்கள். எல்லாத் தொல்லைக்கும் வேர் பெரும்பாலும் அங்கேதான்.

பதில் 2

அமைப்புகளைப் பற்றிச் சொன்னது சரி. மட்டத்தைப் பற்றி மட்டும் மாறுபடுகிறேன். ஒரே ஒரு பொருளை வைத்துச் செய்யும் அலைன்மென்டுக்கு மட்டம் உயிர். இரண்டு விண்மீன் கொடுக்கும்போது சாய்வும் கணக்குக்குள் வந்துவிடும். அரை டிகிரிக்குள் மட்டம் இருந்தால் போதும்.

கேட்டவருக்கு: உங்கள் சிக்கல் விண்மீன் தேர்விலேயே இருக்கிறது. திருவாதிரைக்கும் ரோகிணிக்கும் இடைவெளி சுமார் 21 டிகிரிதான். 25 மி.மீ ஐபீஸில் உருப்பெருக்கம் 26 மடங்கு, பார்வைப் பரப்பு ஏறக்குறைய 2 டிகிரி. அவ்வளவு அகலத்தில் கண் மதிப்பில் நடுவைப் பிடித்தால் கால் டிகிரி தவறுவது சாதாரணம். இரண்டிலும் எதிரெதிர்ப் பக்கம் தவறினால் அரை டிகிரி. 21 டிகிரி நீளமுள்ள கோட்டின் முனையில் அரை டிகிரி பிசகினால், 90 டிகிரி தள்ளிப் போகையில் அது சுமார் 1.4 டிகிரியாக வளரும். திருவாதிரையிலிருந்து எம்31 சுமார் 76 டிகிரி தூரத்தில் இருக்கிறது, அங்கே பிழை 1.3 டிகிரி. எம்42 வெறும் 14 டிகிரி தூரம் என்பதால் பிழை 0.3 டிகிரியோடு நின்றுவிடும், பார்வைக்குள்ளேயே இருக்கும். நீங்கள் சொன்னது அச்சு அசலாக இதுதான்.

அப்படியானால் "சக்ஸஸ்" ஏன் வருகிறது? நீங்கள் காட்டிய இரண்டு புள்ளிகளின் இடைவெளி பட்டியலில் உள்ள இடைவெளியோடு ஒத்துப்போகிறதா என்று மட்டும்தான் அது பார்க்கிறது. இரண்டையும் சேர்க்கும் கோட்டுக்குக் குறுக்கே நேர்ந்த பிழையால் இடைவெளி மாறுவதே இல்லை. அதனால் அந்தச் சொல்லை அலைன்மென்ட் துல்லியத்துக்கான சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இப்போதைய வானத்துக்குச் சிரியஸும் கபெல்லாவும் நல்ல ஜோடி, இடைவெளி சுமார் 66 டிகிரி. பொதுவாக 25 டிகிரி உயரத்துக்குக் கீழேயும் 70 டிகிரிக்கு மேலேயும் உள்ளவற்றைத் தவிருங்கள். தலைக்கு நேர் மேலே அசிமுத் கோணத்தை நம்ப முடியாது.

நடுவுக்குக் கொண்டுவருவதை 10 மி.மீ ஐபீஸில் செய்யுங்கள். விண்மீனை ஃபோகஸிலிருந்து விலக்கிப் பெரிய வட்டமாக்குங்கள். அந்த வட்டம் பார்வை விளிம்பிலிருந்து எல்லாப் பக்கமும் சம தூரத்தில் இருக்கிறதா என்பது புள்ளியைவிடத் தெளிவாகத் தெரியும். கடைசி நகர்வு மேல் பொத்தானிலும் வலப் பொத்தானிலும் முடிய வேண்டும். பற்சக்கரங்களுக்கு இடையே இருக்கும் தளர்ச்சி அப்போதுதான் எப்போதும் ஒரே பக்கம் நிற்கும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. ஒரு சந்தேகம்: நியூட்டோனியனில் காட்சி தலைகீழாகத் தெரிகிறது. அப்படியிருக்க மேல், வலம் என்பது ஐபீஸில் தெரியும் திசையா, பொத்தானா?

பதில் 2

பொத்தான்தான். விண்மீன் பார்வையில் எந்தப் பக்கம் ஓடினாலும் கவலை வேண்டாம். நடுவைத் தாண்டிவிட்டால் எதிர்ப் பொத்தானால் தட்டிச் சரிசெய்யாதீர்கள். எதிர்த் திசையில் நன்றாகப் பின்னால் கொண்டுபோய், மறுபடி மேல், வலப் பொத்தான்களாலேயே வந்து நிறுத்துங்கள்.

பதில் 3

இரண்டாவது தொல்லைக்குக் காரணம் பேட்டரி. ரீசார்ஜ் செய்யும் நிக்கல் பேட்டரி ஒன்றுக்கு 1.2 வோல்ட், எட்டுக்கு 9.6 வோல்ட்தான். இரண்டு மோட்டாரும் சேர்ந்து வேகமாக ஓடும்போது அதுவும் இறங்கும், ஹேண்ட் கன்ட்ரோலர் ரீஸ்டார்ட் ஆகும். அத்தோடு அலைன்மென்டும் போச்சு. 12 வோல்ட், 2 ஆம்பியர் தரக்கூடிய மூலத்துக்கு மாறுங்கள்.

பிளக் வாங்கும்போது கவனம்: இவ்வகை மவுண்டுகளில் பெரும்பாலும் வெளி விட்டம் 5.5 மி.மீ, உள் துளை 2.1 மி.மீ, நடு முனை பாசிட்டிவ். உங்கள் கையேட்டில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். துருவம் மாறினால் போர்டு எரிந்துபோகும். 2.5 மி.மீ துளையுள்ள பிளக்கும் உள்ளே போகும், ஆனால் ஆடிக்கொண்டே இருக்கும்; மவுண்ட் திரும்பும்போது தொடர்பு விட்டுவிட்டு வரும். ஒயர் மவுண்டைச் சுற்றிக்கொள்ளாத அளவுக்குத் தளர்வாக விடுங்கள்.

கேள்வி கேட்டவர்

நேற்று சிரியஸ், கபெல்லா வைத்து, 10 மி.மீ ஐபீஸில் செய்தேன். 12 வோல்ட் மூலத்துக்கும் மாறிவிட்டேன். எம்31 முதல் முறையிலேயே 25 மி.மீ ஐபீஸில் வந்துவிட்டது! ரீஸ்டார்ட் ஒரு முறைகூட இல்லை. ஆனால் அரை மணியில் ஒரு டிகிரி நகர்வது அப்படியே இருக்கிறது.

பதில் 2

அப்படியானால் அது அலைன்மென்ட் பிழை அல்ல. அலைன்மென்ட் 1.4 டிகிரி பிசகியிருந்தாலும் அரை மணியில் 0.2 டிகிரிக்கு மேல் நகராது. டிராக்கிங்கே (வானம் நகர்வதற்கேற்ப மவுண்ட் பின்தொடர்வது) ஓடவில்லை என்றால் நான்கு நிமிடத்தில் ஓரத்துக்குப் போயிருக்கும். இரண்டும் இல்லை, ஆகவே ஏதோ ஒன்று மெல்ல வழுக்குகிறது.

பகலில் சோதியுங்கள். சூரியன் இல்லாத பக்கமாக, தொலைவில் ஒரு கோபுர முனையையோ கம்பத்தையோ 10 மி.மீ ஐபீஸில் நடுவில் வையுங்கள். டிராக்கிங்கை ஆஃப் செய்துவிட்டு அரை மணி தொடாமல் விடுங்கள். மேல்கீழாக நகர்ந்தால் உயர அச்சின் கிளட்ச் (அச்சை இறுக்கிப் பிடிக்கும் பூட்டு). பக்கவாட்டில் நகர்ந்தால் அசிமுத் கிளட்ச், அல்லது டிரைபாட் கால் பூட்டு, நடுத்தட்டு.

கேள்வி கேட்டவர்

சோதித்தேன். மேல்கீழாக மட்டும் நகர்கிறது. குழாயின் முன்பக்கம் மெல்ல இறங்குவது தெரிகிறது.

பதில் 2

முன்பக்கம் கனம். ஐபீஸ், ஃபைண்டர் எல்லாம் மாட்டிய பிறகு, குழாயை ஒரு கையால் தாங்கிக்கொண்டு உயரக் கிளட்சைத் தளர்த்துங்கள். டவ்டெயில் பிடியில் (குழாயை மவுண்டோடு பிணைக்கும் பிடி) குழாயைப் பின்னோக்கி நகர்த்தி, கையை விட்டாலும் கிடைமட்டமாக நிற்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அங்கே பென்சிலால் குறி போட்டுவிட்டு, கிளட்சைக் கையால் இறுக்கினால் போதும், குறடு வேண்டாம். அலைன்மென்ட் முடிந்த பிறகு குழாயைக் கையால் தள்ளவே கூடாது. அச்சில் தனி என்கோடர் (அச்சு திரும்பிய கோணத்தை அளக்கும் கருவி) இல்லாத மவுண்டுக்கு அது தெரியாது.

கேள்வி கேட்டவர்

இரண்டரை அங்குலம் பின்னால் தள்ள வேண்டியிருந்தது. இப்போது பகல் சோதனையில் அரை மணிக்குக் கம்பம் அசையவில்லை.

பதில் 3

இனித் துல்லியத்தைச் சோதிக்க எம்31-ஐ எடுக்காதீர்கள். அது 3 டிகிரிக்கு மேல் நீண்டது, நடு எது என்று சொல்வது கடினம். அருகிலேயே இருக்கும் அல்மாக் விண்மீனுக்குப் போகச் சொல்லுங்கள். 10 மி.மீ ஐபீஸில், 65 மடங்கில், பொன்னிறமும் நீலமுமாக இரண்டாகப் பிரிந்து தெரியும். இடைவெளி சுமார் 10 விகலை (ஒரு விகலை என்பது கலையில் 60-இல் ஒரு பங்கு). அது தானாக 10 மி.மீ பார்வைக்குள் வந்தால் உங்கள் அலைன்மென்ட் 0.4 டிகிரிக்குள் இருக்கிறது.